நெஞ்செரிச்சலும் நம் வீட்டு உணவும்

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது முதுமொழி. அச்செல்வத்தைக் கொள்ளையிடும் நோய்கள் எல்லாம் புயல் போல் வந்து தாக்குவதில்லை. சில, வீட்டுக்கு வந்த விருந்தாளி போல் மெல்ல நுழைந்து நம்மோடு தங்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்றே நெஞ்செரிச்சல். உண்டு முடித்த சிறிது நேரத்தில் நெஞ்சின் நடுவே எரிச்சல் தோன்றுகிறது. புளித்த ஏப்பம் வருகிறது. படுத்தால் தொண்டை வரை புளிப்பு நீர் ஏறுகிறது. இதனை எதுக்களித்தல் என்று நம் பாட்டிமார் சொல்வர். ‘கேஸ்’ என்பார் ஒருவர். ‘அல்சர்’ என்பார் மற்றொருவர். சோடா ஒன்றைக் குடித்து, பெரிய ஏப்பம் ஒன்றை விட்டு, “இப்போதுதான் நிம்மதி” என்று சொல்லி அதை மறந்து விடுவாரே பலர்.

ஆனால், எரிந்த பிறகு எதைக் குடிப்பது என்பதைவிட, எரியாமலிருக்க எப்போது, எவ்வளவு, எவ்வாறு உண்பது என்பதே முக்கியமானது. அதனினும் முக்கியமானது, நெஞ்சில் தோன்றும் எரிச்சல் எல்லாம் வயிற்றுக் கோளாறு ஆகிவிடாது என்பதை அறிந்திருப்பது. இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

இரைப்பை என்னும் சுருக்குப் பை

நாம் விழுங்கும் உணவு, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழல் வழியாக இரைப்பையை அடைகிறது. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்னும் நொதியும் கலந்த இரைப்பை நீர் சுரக்கிறது. ஒரு நாளில் சுரப்பது ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர்! வகுப்பில் நாம் படிக்கும் பி.எச். அளவுகோலில் தூய நீர் 7 என்றால், வெறும் வயிற்றிலுள்ள இரைப்பை நீர் 1.5 முதல் 3 வரை இருக்கும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு ஏறக்குறைய 2 என்றால் இதன் கடுமையை ஊகித்துக் கொள்ளலாம்.

இத்தனை கடுமையான அமிலம் இரைப்பையையே அரித்து விடாதா? அரிப்பதில்லை. இரைப்பையின் உட்சுவரைக் கெட்டியான சளிப்படலம் ஒன்று போர்த்திக் காக்கிறது. உணவுக்குழலுக்கோ அத்தகைய போர்வை இல்லை. ஆகவே, இரைப்பை நீர் மேலேறி உணவுக்குழலைத் தொட்டால் எரிகிறது.

மேலேறாமல் தடுப்பது எது? உணவுக்குழலும் இரைப்பையும் சேருமிடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உள்ளது. அதன் வேலையை அறிய, பாட்டியின் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்தால் போதும். காசு போடும்போது வாய் திறக்கிறது. கயிற்றை இழுத்தவுடன் மூடிக் கொள்கிறது. அதுபோலவே இத்தசை, உணவு இறங்கும்போது திறந்து பின் இறுகுகிறது. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையிலுள்ள உதரவிதானமும் வெளியிலிருந்து இதை இறுக்கிப் பிடித்து உதவுகிறது. கயிறு தளர்ந்தாலும், பையில் அளவுக்கு மிஞ்சித் திணித்தாலும், பையை வெளியிலிருந்து அமுக்கினாலும் உள்ளிருப்பது வெளியே வரும். நெஞ்செரிச்சலின் காரணங்கள் யாவும் இம்மூன்றில் அடங்கும்.

வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த மருத்துவர்

இரைப்பைக்குள் நடப்பதை மனிதன் கண்ணால் கண்ட வரலாறு சுவையானது. 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதம், வட அமெரிக்காவில் மாக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுத் தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. படை மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் அவரைக் காப்பாற்றினார். ஆனால் இரைப்பையில் ஏற்பட்ட துளை மட்டும் மூடவே இல்லை. அத்துளையின் வழியாகப் பட்டு நூலில் கட்டிய இறைச்சித் துண்டு முதலியவற்றை உள்ளே இறக்கி, எது எவ்வளவு நேரத்தில் செரிக்கிறது என்று பியூமாண்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தம் முடிவுகளை 1833-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். சினமும் மனக்கலக்கமும் செரிமானத்தைக் கெடுக்கின்றன என்பதையும் அவர் குறித்து வைத்தார். இதற்கிடையே, இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று வில்லியம் பிரௌட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1824-இல் அறிவித்திருந்தார்.

கயிற்றைத் தளர்த்துபவை எவை?

புகையிலை, மது, மிகுந்த கொழுப்பும் எண்ணெயும் உள்ள உணவு, சாக்லேட், புதினா எண்ணெய் கலந்த மிட்டாய் ஆகியவை இத்தசையைத் தளர்த்த வல்லவை. காப்பியும் தேநீரும் பலருக்கு எரிச்சலைத் தூண்டுகின்றன. வயிறு முட்ட உண்பது பையைத் திணிப்பதாகும். பருத்த உடலும், இறுகக் கட்டிய பாவாடை நாடாவும், உண்டவுடன் குனிந்து சுமை தூக்குவதும் பையை அமுக்குவதாகும். கருவுற்ற தாய்மாருக்கு இந்த எரிச்சல் மிகுதி. அக்காலத்தில் சுரக்கும் ஹார்மோன் தசையைத் தளர்த்துகிறது. வளரும் குழந்தையும் இரைப்பையை மேலே தள்ளுகிறது.

நம் ஏரியூர்ப் பக்கத்து வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு தேநீர். பின் காட்டு வேலை. பத்து மணிக்கு வடையோ போண்டாவோ, அத்துடன் இன்னொரு தேநீர். மதியம் ஏதோ கொஞ்சம். இரவு வேலை முடிந்து, எல்லாரும் உண்டபின் ஒன்பதரை மணிக்கு மேல் அன்னையர் உண்கின்றனர். அந்த ஒருவேளைதான் வயிறு நிறைய உண்பது. உண்டதும் அலுப்பில் பாயை விரித்துப் படுத்து விடுகின்றனர். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்றிருக்கும் தந்தையரின் நிலையும் இதுவே. பகலெல்லாம் காய்ந்த வயிறு, இரவில் திணித்த வயிறு, உடனே படுக்கை! நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்? எங்களைப் போல் பொதுத்தேர்வுக்குக் கண் விழித்துப் படிப்போர், தூக்கம் வராதிருக்க இரவு பதினொரு மணிக்குக் காப்பி குடிப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

நம் மண்ணின் உணவு

தர்மபுரி மாவட்டம் கேழ்வரகுக்குப் பெயர் பெற்றது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் நீலகிரி, தர்மபுரி ஆகிய இரு மாவட்டங்களில்தான் முதலில் தொடங்கப்பட்டது. கேழ்வரகு, சாமை, கம்பு, கொள்ளு ஆகியவற்றில் நார்ச்சத்து மிகுதி. நார்ச்சத்து மிகுந்த உணவு உண்போருக்கு நெஞ்செரிச்சல் குறைவு என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே, நம் மானாவாரிக் காட்டில் விளைவதே நமக்கு நல்லுணவு என்பதில் ஐயமில்லை.

ஆயினும், நல்ல உணவையும் நல்ல முறையில் உண்ண வேண்டும். களியை யாரும் மெல்வதில்லை. குழம்பில் தோய்த்து விழுங்குவதே வழக்கம். மெல்லும்போது சுரக்கும் உமிழ்நீர் காரத்தன்மை உடையது. உணவுக்குழலில் ஏறிய அமிலத்தைக் கழுவி இறக்குவது அதுவே. விழுங்கும் களியோடு அந்த உமிழ்நீர் போதிய அளவு சேர்வதில்லை. எனவே, பெரிய உருண்டை ஒன்றை இரவில் உண்பதைவிடச் சிறிய உருண்டையைப் பகலில், கீரைக் கடைசலோடு நிதானமாக உண்பது நலம். கூழ் குளிர்ச்சி தருவது உண்மை. ஆனால் மிகப் புளித்த கூழும், அதனோடு கடிக்கும் பச்சை வெங்காயமும் பச்சை மிளகாயும் சிலருக்கு எரிச்சல் தருகின்றன.

புளியமரம் நிறைந்த மாவட்டம் நம்முடையது. குழம்பு என்றால் புளி இல்லாமலா? மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் நாகமரை வரை பரவியிருப்பதால் மீன் குழம்புக்கும் குறைவில்லை. புளியை அறவே விட வேண்டியதில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர் புளியையும் மிளகாயையும் பாதியாகக் குறைத்து, மீனைப் பொரிக்காமல் குழம்பிலிட்டு உண்ணலாம்.

ஒருவருக்கு ஒவ்வாதது மற்றொருவருக்கு ஒத்துப் போகும் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே, எல்லாவற்றையும் ஒரே நாளில் விலக்கிப் பட்டினி கிடக்க வேண்டாம். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் இரண்டு வாரத்துக்கு, உண்டது எது, உண்ட நேரம் எது, எரிச்சல் வந்த நேரம் எது என்று எழுதி வந்தால் குற்றவாளி தானே அகப்படுவான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்காகப் பேத்தி எழுதலாம் அன்றோ?

பின்வருவது எளிய ஒருநாள் உணவு முறை:

காலை 8 மணி: இட்லி, அல்லது அதிகம் புளிக்காத கேழ்வரகுக் கூழ். வெறும் வயிற்றில் தேநீர் வேண்டாம்.
காலை 11 மணி: வாழைப்பழம் ஒன்று, அல்லது நீர்மோர்.
பகல் 1 மணி: சோறு, சாமைச் சோறு அல்லது சிறு களி, கீரை, பருப்பு, சுரைக்காய் அல்லது பூசணி.
மாலை 4 மணி: எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதில் வேகவைத்த கடலை அல்லது சுண்டல்.
இரவு 7 மணி: இடியாப்பம், இட்லி அல்லது கஞ்சி, அரை வயிறு.
இரவு 10 மணி: உறக்கம்.

கைமருந்துகளின் பலமும் பலவீனமும்

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியே ஒரு மருந்துப் பெட்டி என்பர். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், சோம்பு, இஞ்சி, மணத்தக்காளிக் கீரை என்று பட்டியல் நீளும். சித்த மருத்துவர்கள் இத்தகைய வயிற்று நோய்களைக் குன்மம் என்று அழைத்து எட்டு வகையாகப் பிரித்துள்ளனர்.

சீரகமும் சோம்பும் சிறிய அளவில் தீங்கற்றவை. உண்டபின் வயிற்று உப்புசத்துக்கு இதமளிக்கும். இஞ்சி குமட்டலைத் தணிக்கும். ஆனால் அளவு மிஞ்சினால் இஞ்சியே எரிக்கும். இளநீரும், புளிக்காத நீர்மோரும் பலருக்கு ஆறுதல் தருகின்றன. பால் குடித்தவுடன் எரிச்சல் அடங்குவது போலிருக்கும். சற்று நேரத்தில் அதுவே மேலும் அமிலம் சுரக்கத் தூண்டும். ஆகவே படுக்கும்போது பால் குடிப்பது மருந்தாகாது.

அதிமதுரம் புகழ் பெற்ற மூலிகைதான். எனினும் நாள்தோறும் நெடுங்காலம் உண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்; உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். சோற்றுக் கற்றாழையின் மஞ்சள் பால் பேதி உண்டாக்கும். கருவுற்ற பெண்கள் இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும். பச்சிலை என்பதால் எல்லாம் தீங்கற்றவை என்று எண்ணுவது தவறு. சித்த மருந்து உண்ண விரும்புவோர் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவரைக் கேட்டு உண்பதே முறை.

ஆப்பசோடாவைக் கரைத்துக் குடிப்போர் உண்டு. இது சோடியம் பைகார்பனேட்டு என்பதை நாம் அறிவோம். இரைப்பை அமிலத்தோடு சேர்ந்ததும் உப்பும் நீரும் கரியமிலவாயுவும் உண்டாகின்றன. அமிலம் சமமாவதால் எரிச்சல் உடனே நிற்கிறது. ஆனால் அந்த வாயு இரைப்பையை உப்பச் செய்து, தசையை மீண்டும் திறக்கிறது; அடுத்த ஏப்பத்தோடு எஞ்சிய அமிலம் மேலேறுகிறது. இதிலுள்ள சோடியம் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உடையோருக்கு ஆகாது. கோலி சோடா தரும் நிம்மதியும் இத்தகையதே.

படுக்கை ஒரு மருந்து

செலவே இல்லாத, ஆய்வுகள் ஏற்றுக் கொண்ட மருந்துகள் மூன்று உண்டு. முதலாவது, உண்ட இரண்டு முதல் மூன்று மணி நேரம் வரை படுக்காதிருப்பது. நிமிர்ந்திருக்கும்போது புவியீர்ப்பு விசை அமிலத்தைக் கீழே நிறுத்துகிறது. படுத்தால் அந்த உதவி போய்விடுகிறது. இரண்டாவது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கலோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துவது. பாயில் படுப்போர், இடுப்புக்கு மேலுள்ள பகுதி முழுவதும் சரிவாக உயரும்படி ஜமுக்காளத்தை மடித்து விரிக்கலாம். தலையணைகளை மட்டும் அடுக்கினால் கழுத்து வளைந்து வயிறு மடியும், பயனில்லை. மூன்றாவது, இடப்பக்கம் சாய்ந்து படுப்பது. அப்போது இரைப்பையில் உள்ள அமிலம் உணவுக்குழல் சேருமிடத்துக்குக் கீழே தங்கி விடுகிறது.

இவற்றோடு, உடல் பருத்தவர் எடையைச் சிறிது குறைத்தாலே எரிச்சல் குறையும். புகையிலையையும் மதுவையும் விட்டால் நெஞ்செரிச்சல் மட்டுமன்றி, குடும்பத்தின் கண்ணீரும் குறையும்.

நோன்பும் விழாவும்

தவக்காலத்தில் நோன்பு இருப்பது நம் மரபு. திருச்சபைச் சட்டப்படி நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவருக்கே உரியது. 60-ஆம் வயது தொடங்கியதும் அக்கடமை இல்லை. நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. நோன்பு நாளில் பகலெல்லாம் தேநீரால் பசியை அடக்கி, இரவில் இரண்டு மடங்கு உண்பது நோன்பின் பொருளையும் கெடுக்கும், வயிற்றையும் கெடுக்கும். அதுபோலவே கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியும் பாஸ்காத் திருவிழிப்பும் முடிந்து வீடு திரும்பியதும், இரவு இரண்டு மணிக்குப் பிரியாணி உண்டு படுத்து விடுகிறோம். அந்நேரத்தில் சிறு துண்டு கேக்கோடு நிறுத்தி, விருந்தைக் காலையில் வைத்துக் கொண்டால் விழா குறைந்து விடாது.

புனித பவுல் தம் சீடர் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில், வயிற்றின் பொருட்டுச் சிறிது திராட்சை இரசம் அருந்தும்படி அறிவுறுத்தியதைச் சிலர் சாக்காகச் சொல்வர். அது அக்காலத்தில் ஒருவருக்குச் சொன்ன அறிவுரை. மது இந்தத் தசையைத் தளர்த்துகிறது என்று நாம் அறிந்துள்ள இக்காலத்தில் அதை நெஞ்செரிச்சலுக்கு மருந்தாகக் கொள்ளலாகாது. திருவள்ளுவரோ ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தில், முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பதையே வலியுறுத்துகிறார்.

நெஞ்செரிச்சல் வேறு, குடற்புண் வேறு

காரம் தின்பதால் புண் வருகிறது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகிய இருவர், இரைப்பைப் புண்ணுக்கு ஒருவகைப் பாக்டீரியாவே முக்கியக் காரணம் என்றனர். நம்புவோர் சிலரே. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிகளைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! 2005-ஆம் ஆண்டு இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவ்வகைப் புண் சில நாள் மருந்தில் குணமாகக் கூடியது. மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் புண் உண்டாக்கும். ஆகவே, ‘எனக்கு அல்சர்’ என்று தாமே தீர்ப்பளித்துக் கொள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் நல்ல பயன் தருபவையே. ஆனால் எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். விழுங்க முடியாமல் அடைத்தல், இரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை தோன்றினாலோ, இரண்டு மூன்று வாரம் உணவுமுறையை மாற்றியும் எரிச்சல் தொடர்ந்தாலோ தாமதிக்கலாகாது. ஆண்டுக்கணக்கில் அமிலம் பட்டால் உணவுக்குழல் புண்ணாகிச் சுருங்கலாம். சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறலாம்.

‘வாயுப் பிடிப்பு’ என்று ஏமாற வேண்டாம்

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறக்க வேண்டாம். மாரடைப்பும் சில வேளை நெஞ்செரிச்சல் போலவே தோன்றும். நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்த்தல், மூச்சு வாங்குதல், மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் வலியே இன்றி, மேல் வயிற்றில் ஏதோ செய்வது போலவும், குமட்டலாகவும், பெருஞ்சோர்வாகவும் மட்டும் இருக்கலாம். “வாயுதான், ஓமத் தண்ணீர் கொடு, சோடா வாங்கி வா” என்று கடத்தும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் தசை மடிந்து கொண்டிருக்கும்.

எனவே, ஐயம் தோன்றிய உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நோயாளியை நடக்க விடாமல், சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டன. பென்னாகரம் அரசு மருத்துவமனையையோ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அடைய நேரமாகும் நம் போன்ற ஊர்களுக்கு இது பெரும் உதவி. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, “வெறும் நெஞ்செரிச்சல்தான்” என்று மருத்துவர் சொன்னால், வீண் அலைச்சல் என்று வருந்தாமல் இறைவனுக்கு நன்றி சொல்லி வீடு திரும்பலாம்.

முடிவுரை

நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று மறைக்கல்வியில் கற்கிறோம். ஆலயத்தைக் காப்பது நம் கடமை அன்றோ? எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் அன்னையே பெரும்பாலும் நெஞ்சைத் தடவிக் கொண்டு படுக்கிறார். அவருக்கு மருந்து வாங்கித் தருவதற்கு முன், மாலை வேலையில் ஒரு பங்கை நாம் ஏற்றுக் கொள்வோம். ஏழரை மணிக்குள் அவரையும் நம்மோடு உட்கார வைத்து உண்ணச் செய்வோம். தோழியரே, நெஞ்செரிச்சலுக்கு நம்மால் தரக்கூடிய முதல் கைமருந்து அதுவே.

– பத்தாம் வகுப்பு மாணவி